புல் மகரந்த அலர்ஜி: ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டை எப்படி படிக்கிறது

ராத்திரி பதினொன்னரைக்கு சித்தி பொண்ணு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினா. ரத்த டெஸ்ட் ரிப்போர்ட். ஒரே ஒரு வரியை பேனாவால ரெண்டு தடவை சுத்தி வட்டம் போட்டிருந்தா, திமோத்தி கிராஸ் (அது ஒரு வகைப் புல்லு), 18.4, கிளாஸ் 4, பக்கத்துல ஹைன்னு கொட்டை எழுத்துல. கீழ ஒரு கேள்வி: "அண்ணா, 6க்கு 4ன்னா ரொம்ப முத்திப்போச்சா?"

முத்தவும் இல்ல, பழுக்கவும் இல்ல. அந்த 4 பரீட்சை மார்க்கும் கிடையாது, வியாதியோட ஸ்டேஜும் கிடையாது. அன்னிக்கு ராத்திரி அவளுக்கு வாய்ஸ் நோட்டா நாலஞ்சு அனுப்பினேன், அதையே கொஞ்சம் கோர்வையா இங்க எழுதறேன், ஏன்னா இதே கேள்வியை இதுக்கு முன்னாடியும் மூணு நாலு பேர் கேட்டாச்சு. நான் டாக்டர் இல்ல. பதினாலு வருஷமா புல் பூக்குற சீசன்ல கைக்குட்டையும் கையுமா அலையற ஆளு, இந்த டெஸ்ட்டை மூணு தடவை எடுத்தவன், அதுல ஒரு தடவை ரிப்போர்ட்டைத் தப்பா படிச்சு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டவன். அந்தக் கதை பின்னாடி வருது.

ரத்தத்துல எதைத் தேடறாங்க

உடம்பு ஆகாதுன்னு நினைக்கிற பொருளுக்கு எதிரா ஆன்டிபாடி தயார் பண்ணும், அதுல ஒரு வகைதான் ஐஜிஇ. ரத்தத்துல இருக்கற ஆன்டிபாடி வகைகள்லயே இதுதான் அளவுல ரொம்ப கம்மி, அதனாலயே இதைக் கண்டுபிடிக்க 1960கள் வரைக்கும் ஆச்சு, அமெரிக்கால இஷிசாகா தம்பதி ஒரு பக்கம், ஸ்வீடன்ல ஜோஹான்சனும் பென்னிச்சும் இன்னொரு பக்கம், தனித்தனியா தேடிப் போய் ஒரே பொருள் முன்னாடி வந்து நின்னாங்க, 1968ல அதுக்கு ஐஜிஇன்னு பேர் வெச்சாங்க.

இந்த ஐஜிஇ ரத்தத்துல சும்மா சுத்திட்டு இருக்கறது ஒண்ணும் பண்ணாது. மூக்கு, கண்ணு, மூச்சுக்குழாய் இதோட உள் தோல்ல மாஸ்ட் செல்னு ஒண்ணு இருக்கு, தும்மலையும் அரிப்பையும் வர வெக்கிற ஹிஸ்டமினை உள்ள நிரப்பி வெச்சிருக்கற மூட்டை மாதிரி. ஐஜிஇ போய் அதுமேல ஒட்டி உக்காந்துக்கும். அப்புறம் புல் மகரந்தத்துல இருக்கற புரோட்டீன் வந்து பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு ஐஜிஇயை ஒரே நேரத்துல பிடிச்சா மூட்டை உடையும், தும்மல் அடுக்கடுக்கா வரும், மூக்குல குழாயைத் திறந்த மாதிரி தண்ணி ஊத்தும், கண்ணு அரிக்கும்.

லேப்ல என்ன பண்றாங்கன்னா, புல் மகரந்தத்துலேர்ந்து எடுத்த சாறை ஒரு சின்ன ஸ்பாஞ்ச் மாதிரி பொருள்ல ஒட்ட வெச்சிருப்பாங்க, அதுமேல உங்க சீரத்தை, அதாவது ரத்தத்துலேர்ந்து பிரிச்ச தெளிஞ்ச தண்ணியை, விடுவாங்க. அந்தப் புல்லுக்குன்னே உங்க உடம்பு செஞ்ச ஐஜிஇ இருந்தா அதுல ஒட்டிக்கும், மத்ததெல்லாம் கழுவுறப்போ போயிடும். ஒட்டினதை இன்னொரு ஆன்டிபாடி வெச்சு ஒளிர வெச்சு எவ்வளவு வெளிச்சம் வருதுன்னு மெஷின் அளக்கும், வெளிச்சம் அதிகம்னா ஐஜிஇ அதிகம். அவ்வளவுதான் சங்கதி. முன்னாடி கதிரியக்கப் பொருள் வெச்சு அளந்தாங்க, அதுக்கு ராஸ்ட்னு பேரு, அந்த முறை போயே போச்சு, ஆனா பேரு மட்டும் போகல, இன்னும் நிறைய டாக்டருங்க "ராஸ்ட் எடுத்துட்டு வாங்க"ன்னுதான் எழுதறாங்க, லேப்ல அதைப் பார்த்து ஸ்பெசிஃபிக் ஐஜிஇ எடுத்துக் குடுப்பாங்க, குழம்பிக்காதீங்க.

இப்ப இங்கதான் முக்கியமான இடம். மெஷின் அளந்தது ரத்தத்துல மிதக்கற ஐஜிஇயை. உங்களுக்குத் தும்மல் வர வெக்கிறது மாஸ்ட் செல் மேல உக்காந்திருக்கறது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கு, ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. அதனால பாசிட்டிவ் ரிப்போர்ட் சொல்றது "உங்க உடம்பு இந்தப் புல்லை எதிரின்னு முத்திரை குத்தியிருக்கு"ங்கறதை மட்டும்தான். அந்த எதிரியைப் பார்த்தா நிஜமாவே சண்டை போடுதான்னு ரிப்போர்ட்டுக்குத் தெரியாது, உங்க மூக்குக்குத்தான் தெரியும். பாசிட்டிவ் வந்தும் ஒரு தும்மல்கூட போடாம புல்தரையில உருண்டு புரளற ஆளுங்க நிறைய இருக்காங்க.

ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுங்க

எல்லாரும் டெஸ்ட் எடுத்துட்டு அப்புறம் அர்த்தம் தேடறாங்க. தலைகீழா பண்ணுங்க. போன வருஷம் எந்தெந்த மாசம் மோசமா இருந்தது, காலைல எழுந்த உடனேயா வெளிய போனப்பறமா, புல் வெட்டுறப்போ பக்கத்துல நின்னா என்ன ஆகும், மழை பெஞ்சு ஓஞ்சப்புறம் குறையுதா ஏறுதா, வீட்டுக்குள்ள ஜன்னலை சாத்திட்டு ரெண்டு நாள் இருந்தா நல்லா இருக்கா, வேற ஊருக்குப் போனப்போ எப்படி இருந்தது, என்ன மாத்திரை சாப்ட்டா அடங்குது. ஒரு பக்கம் போதும். போன்ல இருக்கற பழைய போட்டோவைப் பார்த்தாலே பாதி ஞாபகம் வரும், என் கேலரில ஒவ்வொரு வருஷமும் ஒரே மாசத்துல செவந்த கண்ணோட ஒரு செல்ஃபியாவது இருக்கும்.

இது ஏன்னா புல்லுக்கு ஒரு காலண்டர் இருக்கு. பூமியோட வட பாதில குளிர் பிரதேசம்னா பொதுவா மே மாசத்துலேர்ந்து ஜூலை வரைக்கும் பூக்கும், தென் பாதில அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும், வெயில் பிரதேசத்துல வருஷத்துல பல மாசம் விட்டு விட்டு இழுத்துட்டே இருக்கும். உங்க தும்மல் காலண்டரும் நீங்க இருக்கற இடத்துப் புல் காலண்டரும் ஒத்துப்போனா ரிப்போர்ட்டுக்கு வலு வருது. ஒத்துப்போகலன்னா நம்பர் 18 இல்ல 80 வந்தாலும் உங்க தொல்லைக்குக் காரணம் வேறயா இருக்கலாம்.

மத்தபடி டெஸ்டுக்குத் தயாராகறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. வெறும் வயித்துல போகணும்னு இல்ல. செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டாம், அது ஹிஸ்டமினோட வேலையைத்தான் தடுக்குது, ரத்தத்துல இருக்கற ஐஜிஇயைக் குறைக்காது. தோல்ல குத்திப் பார்க்கற ஸ்கின் பிரிக் டெஸ்டுக்குத்தான் மாத்திரையை சில நாள் முன்னாடியே, சிலதுக்கு ஒரு வாரம் வரைக்கும், நிறுத்தச் சொல்வாங்க. அந்த டெஸ்ட்ல பதினஞ்சு இருபது நிமிஷத்துல ரிசல்ட் தெரிஞ்சுடும், அது ஒரு சவுகரியம். உடம்பு பூரா கரப்பான் (எக்சிமா), தோலைத் தொட்டாலே தடிக்கற சுபாவம், மாத்திரையை நிறுத்தவே முடியாத நிலைமை, ஊசின்னா கையைக் காலை உதைக்கற சின்னக் குழந்தை, இந்த மாதிரி ஆளுங்களுக்கு ரத்த டெஸ்ட்தான் தோது. ஓமலிசுமாப் ஊசி போட்டுக்கறவங்க மட்டும் கண்டிப்பா முன்கூட்டியே சொல்லிடுங்க, அது ஐஜிஇயையே பிடிச்சுக்கற மருந்து, அதைப் போட்டா டோட்டல் ஐஜிஇ நம்பர் எகிறும், நிறுத்தினப்புறமும் ஒரு வருஷம் வரைக்கும் அப்படியே இருக்கலாம், அந்த நேரத்துல வர்ற எண்ணை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

சீசன் பார்த்து டெஸ்ட் எடுக்கணுமான்னு கேப்பாங்க. எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். சீசன் முடிஞ்ச கையோட எடுத்தா எண் கொஞ்சம் ஏறியிருக்கும், அடுத்த சீசன் வர்றதுக்குள்ள கொஞ்சம் இறங்கும், நிஜமா அலர்ஜி இருக்கறவங்களுக்கு அது பூஜ்யமாகிடறது இல்ல.

இப்ப ரிப்போர்ட்டைப் பிரிங்க

மூணு விஷயம் இருக்கும். டோட்டல் ஐஜிஇ, ஒவ்வொரு பொருளுக்குமான ஸ்பெசிஃபிக் ஐஜிஇ, அதுக்குப் பக்கத்துல கிளாஸ்.

டோட்டலை முதல்ல முடிச்சுடுவோம், அதுல பேச அதிகம் இல்ல. பெரியவங்களுக்கு 100க்குள்ள இருந்தா நார்மல்னு நிறைய லேப்ல போடறாங்க, குழந்தைகளுக்கு வயசுக்கு ஏத்த மாதிரி மாறும். டோட்டல் ஏறியிருந்தா அலர்ஜின்னு முடிவு பண்ண முடியாது, வயித்துல பூச்சி இருந்தாலும் ஏறும், கரப்பான் இருந்தாலும் ஏறும், சிகரெட் பிடிக்கறவங்களுக்கும் ஏறி இருக்கலாம். டோட்டல் நார்மலா இருந்தா அலர்ஜி இல்லன்னும் சொல்ல முடியாது. அது எதுக்கு உதவும்னா பின்புலமா வெச்சுப் பார்க்கறதுக்கு. ஒருத்தருக்கு டோட்டல் 30, அதுல புல்லுக்கு மட்டும் 6ன்னா, இருக்கற சொற்பத்துல அஞ்சுல ஒரு பங்கு புல்லுக்காகவே ஒதுக்கியிருக்கு உடம்பு, அது சின்ன எண்ணா தெரிஞ்சாலும் கனமான எண். இன்னொருத்தருக்கு டோட்டல் 3000, புல்லு, மரம், பூனை, நாய், பூஞ்சைன்னு கேட்டது எல்லாத்துக்கும் 0.5, 0.8ன்னு வந்திருக்குன்னா, அதுல பாதி சந்தை இரைச்சல் மாதிரி, யாரு பேசறாங்கன்னு பிரிக்க முடியாது.

ஸ்பெசிஃபிக்தான் நமக்கு வேண்டியது. லிட்டருக்கு எத்தனை கிலோ யூனிட்னு கணக்கு. 0.35க்குக் கீழ இருந்தா கிளாஸ் 0, பழைய வழக்கப்படி நெகட்டிவ். அதுலேர்ந்து 0.7 வரைக்கும் கிளாஸ் 1, 3.5 வரைக்கும் 2, 17.5 வரைக்கும் 3, 50 வரைக்கும் 4, 100 வரைக்கும் 5, அதுக்கு மேல 6. இப்ப இருக்கற மெஷினுங்க 0.1 வரைக்கும் துல்லியமா அளக்கும், அதனால சில ரிப்போர்ட்ல 0.1க்கு மேல இருந்தாலே எதாவது குறி போட்டிருப்பாங்க, அதைப் பார்த்து பதற வேண்டாம்.

படிகளோட அகலத்தைப் பாருங்க. 3.6ம் கிளாஸ் 3, 17ம் கிளாஸ் 3, ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. 17.4 கிளாஸ் 3, 17.6 கிளாஸ் 4, ரெண்டும் ஒரே எண்தான். கிளாஸ்ங்கறது எண்ணைப் படிக்க சோம்பேறித்தனப்படறவங்களுக்காக வெச்ச ஏணின்னு நான் நினைச்சுக்கறேன், முடிஞ்சா அந்தக் கிளாஸ் வரிசையையே கையால மூடிட்டு எண்ணை மட்டும் படிங்க. எண் பெருசாக ஆக "இது நிஜ அலர்ஜியாத்தான் இருக்கும்"ங்கற வாய்ப்பு கூடும். எவ்வளவு கடுமையா வரும்ங்கறதை அது சொல்லாது. எனக்கு 9 சொச்சம், சீசன் வந்தா படுக்க முடியாது. கூட வேலை செய்யற ஒருத்தருக்கு 60க்கு மேல, வாரத்துல ரெண்டு மாத்திரையோட சமாளிக்கறாரு, மனுஷன் வேற புல்வெளில ஃபுட்பால் ஆடறவரு.

இன்னொண்ணு, போன வருஷம் ஒரு லேப், இந்த வருஷம் வேற லேப்னா ரெண்டு எண்ணையும் பக்கத்துல வெச்சு ஏறிச்சு இறங்கிச்சுன்னு பேசாதீங்க. கம்பெனிக்குக் கம்பெனி மெஷின் வேற, மகரந்தச் சாறு வேற, எண்ணும் வேற வரும். நூறு புரோட்டீனுக்கு மேல ஒரே சில்லுல போட்டுப் பார்க்கற டெஸ்ட் இருக்கு, ஐசாக் மாதிரி, அதுல யூனிட்டே வேற, அந்த எண்ணை இந்தக் கிளாஸ் ஏணில ஏத்தவே கூடாது.

எந்தப் புல்லு

ரிப்போர்ட்ல புல்லுக்கு ஜின்னு ஒரு எழுத்தும் நம்பரும் போட்டிருக்கும். ஜி6 திமோத்தி, ஜி5 ரை கிராஸ், ஜி3 ஆர்ச்சர்ட் கிராஸ், ஜி8 கென்டக்கி ப்ளூ, ஜி2 பெர்முடா, ஜி10 ஜான்சன், ஜி17 பஹியா. ஜிஎக்ஸ்னு ஆரம்பிச்சா நாலஞ்சு புல்லை ஒண்ணா கலந்து பார்த்ததுன்னு அர்த்தம், அதுல பாசிட்டிவ் வந்தா எதோ ஒரு புல்லு ஒத்துக்கலன்னு மட்டும் தெரியும், எதுன்னு தெரியாது.

"நான் வாழ்க்கைல திமோத்திப் புல்லைப் பார்த்ததே இல்லையே, எப்படி அலர்ஜி"ன்னு சித்தி பொண்ணு கேட்டா. பார்த்திருக்க வேண்டியதே இல்ல. திமோத்தி, ரை, ஆர்ச்சர்ட், கென்டக்கி ப்ளூ, ஃபெஸ்க்யூ எல்லாம் ஒரே குடும்பத்துப் பங்காளிங்க, மகரந்தப் புரோட்டீன் அச்சு அசல் ஒரே ஜாடை, ஒண்ணுக்கு செஞ்ச ஐஜிஇ இன்னொண்ணு மேலயும் ஒட்டும். அதனால அஞ்சுக்கும் பாசிட்டிவ்னு வந்தா அஞ்சு அலர்ஜி இல்ல, ஒரே அலர்ஜி அஞ்சு தடவை அச்சாகியிருக்கு. குளிர் பிரதேசத்துல திமோத்தி ஒண்ணை மட்டும் பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

பெர்முடா அந்தக் குடும்பம் இல்ல, ஒண்ணு விட்ட சொந்தம். வெயில்ல வளர்ற புல்லு. பெர்முடான்னு ஃபாரின் பேரா இருக்கேன்னு நினைக்காதீங்க, அது நம்ம அருகம்புல்லேதான். ஜான்சனும் பஹியாவும் இன்னொரு வெயில் கிளை, ஜான்சன் சோளத்துக்குச் சொந்தம். நீங்க இருக்கறது வெயில் பிரதேசம்னா திமோத்தியை மட்டும் பார்த்துட்டு "புல் அலர்ஜி இல்ல"ன்னு அனுப்பிட்டாங்கன்னா, பெர்முடா, ஜான்சன், பஹியா பார்த்தீங்களான்னு திருப்பிக் கேளுங்க. கேக்கறதுல தப்பே இல்ல.

நான் வாங்கிக் கட்டிக்கிட்ட கதை

ரெண்டாவது தடவை டெஸ்ட் எடுத்தப்போ ஆசை ஆசையா பெரிய பேனலா எடுத்தேன், முப்பத்தாறு பொருள், எதுக்கு எடுத்தேன்னு இன்னிக்கும் தெரியல, பேக்கேஜா இருந்தது, எடுத்தேன். புல்லு பாசிட்டிவ், அது தெரிஞ்சதுதான். கூடவே கோதுமை 1.3, கிளாஸ் 2, நிலக்கடலை 0.9, கிளாஸ் 2. பார்த்த உடனே வயித்தைக் கலக்கிடுச்சு. அன்னிலேர்ந்து கோதுமை வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சட்டம் போட்டேன், பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிச்சேன், கடலையைக் கண்ணால பார்த்தாலே ஒதுங்கினேன், ரெண்டரை மாசம். மூணு கிலோ இறங்கினதுதான் மிச்சம், மூக்கு அப்படியேதான் ஒழுகிட்டு இருந்தது.

அப்புறம் ஒரு அலர்ஜி ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போனேன். ரிப்போர்ட்டை ஓரமா வெச்சுட்டு ஒரே கேள்வி கேட்டாங்க. "இந்தப் பேப்பர் வர்றதுக்கு முன்னாடி கோதுமை சாப்ட்டு எப்பவாவது எதாவது ஆச்சா?" இல்லன்னேன். கடலை? இல்ல. "அப்புறம் எதுக்கு நிறுத்தினீங்க?" நான் முழிச்சேன்.

விஷயம் என்னன்னா, கோதுமையும் ஒரு புல்லுதான். புல் மகரந்தத்துக்கு செஞ்ச ஐஜிஇ லேப்ல கோதுமை மேலயும் போய் ஒட்டிக்குது, தாவரங்கள் பூராவுக்கும் பொதுவான சில புரோட்டீன், அதுமேல இருக்கற சில சர்க்கரைச் சங்கிலி, இதுக்கெல்லாம் செஞ்ச ஐஜிஇ கடலை மேலயும் ஒட்டும். டெஸ்ட் குழாய்க்குள்ள ஒட்டும், சாப்ட்டா ஒண்ணும் ஆகாது. புல் அலர்ஜி இருக்கறவங்களுக்கு இது ரொம்ப சகஜம். அதனாலதான் நான் யாரு கேட்டாலும் சொல்றது, சந்தேகம் இருக்கற பொருளுக்கு மட்டும் டெஸ்ட் எடுங்க, வலையைப் பெருசா வீசினா குப்பையும் சேர்ந்து வரும். ஆனா ஒண்ணு, சாப்ட்டப்போ நிஜமாவே உதடு வீங்கினது, தடிச்சது, மூச்சு முட்டினதுன்னு இருந்தா அது வேற கதை, அவங்க இதைப் படிச்சுட்டு வீட்டுல தானா சாப்ட்டுப் பார்க்கக் கூடாது, டாக்டர் முன்னாடிதான்.

காம்பொனன்ட்னு ஒண்ணு இருக்கு

எல்லாருக்கும் வேண்டியதில்ல. புல்லு, மரம், களைன்னு எல்லா மகரந்தத்துக்கும் பாசிட்டிவ் வந்து எது நிஜம்னு தெரியலன்னாலோ, இம்யூனோதெரபி, அதாவது ஒத்துக்காத பொருளையே கொஞ்சம் கொஞ்சமா குடுத்து உடம்பைப் பழக்கற வைத்தியம், ஆரம்பிக்கலாமான்னு யோசிக்கறப்போவோதான் இதோட அருமை தெரியும். சாதா டெஸ்ட்ல மொத்த மகரந்தச் சாறையும் வெச்சுப் பார்க்கறாங்க, இதுல அந்தச் சாறுல இருக்கற புரோட்டீனை ஒண்ணொண்ணா பிரிச்சுப் பார்க்கறாங்க. பேரு விசித்திரமா இருக்கும். திமோத்தியோட தாவரவியல் பேரு ஃபிளியம் பிராட்டென்ஸ், அதுல முதல் பேர்லேர்ந்து மூணு எழுத்து, ரெண்டாவது பேர்லேர்ந்து ஒரு எழுத்து, அப்புறம் ஒரு நம்பர், அப்படித்தான் ஃபிள் பி 1, ஃபிள் பி 5ன்னு வருது. பெர்முடாவோடது சின் டி 1.

ஃபிள் பி 1ம் 5ம் புல்லுக்குன்னே உரியது. இதுல ஒண்ணோ ரெண்டோ பாசிட்டிவ்னா உடம்பு முத்திரை குத்தினது புல்லு மேலயேதான்னு நம்பலாம். 5 பெர்முடால கிடையாது, குளிர்ப் புல்லு குடும்பத்துக்கு மட்டுமே சொந்தம், அதனால 5 பாசிட்டிவ்னா திமோத்தி வகையறான்னு கை காட்டிடும். ஃபிள் பி 12 இருக்கே, அது ப்ரோஃபிலின், மரம் செடி கொடி காய் பழம் எல்லாத்துலயும் இருக்கற பொதுச் சொத்து. ஃபிள் பி 7 பல வகை மகரந்தத்துல இருக்கற பொதுப் புரோட்டீன்.

இப்ப ரெண்டு ரிப்போர்ட்டை மாதிரிக்கு எடுத்துக்கலாம். முதல் ஆளுக்கு திமோத்தி 18.4, பெர்முடா 2.1, ஃபிள் பி 1 வந்து 12.6, ஃபிள் பி 5 வந்து 9.8, 7ம் 12ம் 0.1க்குக் கீழ. சுத்தமான புல் அலர்ஜி, பெர்முடால வந்த 2.1 சொந்தக்காரன்ங்கறதால ஒட்டினது. ரெண்டாவது ஆளுக்கு திமோத்தி 3.9, பெர்முடா 3.6, பிர்ச் மரம் 3.2, களைச்செடி 3.4, கோதுமை 1.1, பார்த்தா ஊர்ல இருக்கற பச்சை எதுவுமே ஆகாது போலன்னு தோணும். பிரிச்சுப் பார்த்தா ஃபிள் பி 1 இல்ல, 5 இல்ல, 12 மட்டும் 5.2. மகரந்தத்து எண்ணெல்லாம் கிட்டத்தட்ட ஒரே உயரத்துல நிக்குது பாருங்க, அதுவே ஒரு துப்பு. இவருக்குப் புல்லுதான் காரணம்னு சாதா டெஸ்டை வெச்சு சொல்லவே முடியாது, இவருக்குப் புல் மாத்திரை, புல் ஊசின்னு மூணு வருஷம் குடுத்தா பலன் கிடைக்கறதும் சந்தேகம்தான். முதல் ஆளுக்கு அந்த வைத்தியத்தைக் கேக்கறதுல அர்த்தம் இருக்கு.

இம்யூனோதெரபின்னதும் ஞாபகம் வருது, நாக்குக்கு அடில வெச்சுக்கற புல் மாத்திரை இருக்கு, திமோத்தி மட்டும் இருக்கற கிராஸ்டெக், அஞ்சு புல்லு கலந்த ஓரலேர், அமெரிக்கால ரெண்டுக்கும் 2014ல அனுமதி குடுத்தாங்க. சீசன் ஆரம்பிக்கறதுக்கு சில மாசம் முன்னாடியே தொடங்கணும், பொதுவா மூணு வருஷம். அதை ஆரம்பிச்சுட்டு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஐஜிஇ பார்த்து "குறையவே இல்லையே"ன்னு புலம்பாதீங்க, ஆரம்பத்துல அந்த எண் ஏறவே செய்யும். வேலை செய்யுதான்னு பார்க்க வேண்டியது அந்த சீசன்ல எத்தனை மாத்திரை முழுங்கினீங்கங்கறதைத்தான்.

நெகட்டிவ்னு வந்தா

காலண்டர் அடிச்சுச் சொல்லுது, ஆனா ரிப்போர்ட்ல 0.1க்குக் கீழன்னு வந்திருக்கு. தப்பான புல்லைப் பார்த்திருக்கலாம், ஸ்கின் டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம், சில சமயம் ரத்தத்துல இல்லாம தோல்ல தெரியும். ரெண்டுலயும் தெரியாம மூக்குக்குள்ள மட்டும் ஐஜிஇ உருவாகற ஆளுங்களும் உண்டு, அவங்களுக்கு மூக்குக்குள்ள மகரந்தச் சாறைக் கொஞ்சமா விட்டுப் பார்க்கற டெஸ்ட் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட இருக்கு. அலர்ஜியே இல்லாம வாசனைக்கும் குளிர் காத்துக்கும் ஒழுகற மூக்கும் இருக்கு, அதுக்கு வைத்தியம் வேற.

ஐஜிஜின்னு வேற வகை ஆன்டிபாடியைப் பார்க்கற டெஸ்ட் ஒண்ணை விக்கறாங்க, நூறு இருநூறு பொருள் லிஸ்ட்டோட. புல் அலர்ஜியைக் கண்டுபிடிக்க அது உதவாது. பேர்ல ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆர்டர் பண்றப்போ கண்ணைத் திறந்து பாருங்க.

நம்பரை விட அவசரமான ஒண்ணு

புல் பாசிட்டிவ், சீசன்ல தும்மலோட நெஞ்சுல விசில் சத்தம், ராத்திரி இருமல், மாடி ஏறினா இறுக்கம், இதுல எதாவது இருந்தா கிளாஸ் 1ஓ 6ஓ, டாக்டர்கிட்ட ஆஸ்துமாவுக்கு மூச்சை ஊதிப் பார்க்கற டெஸ்ட் கேளுங்க. 2016 நவம்பர் 21 அன்னிக்கு மெல்போர்ன்ல இடி மழை வந்தப்போ ரை கிராஸ் மகரந்தம் ஈரத்துல வெடிச்சு பொடிப்பொடியாகி நேரா நுரையீரலுக்குள்ள போய் ஆயிரக்கணக்கானவங்க மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க, 10 பேர் செத்துப் போனாங்க. முழு மகரந்தம் பெருசு, மூக்குலயே தங்கிடும், உடைஞ்சா உள்ள போயிடும். அன்னிக்கு மாட்டினவங்கள்ல நிறைய பேரு அதுவரைக்கும் ஆஸ்துமான்னே தெரியாம, வெறும் தும்மல் கேஸுன்னு நினைச்சுட்டு இருந்தவங்க. புல் சீசன்ல இடி மழைன்னு சொன்னா நான் ஜன்னலை சாத்திட்டு உள்ள உக்காந்துடுவேன், வீட்டுல கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டும்.

சித்தி பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். உனக்கு எப்பம்மா தும்மல் வருதுன்னு கேட்டேன். "தினமும் காலைல, படுக்கைய விட்டு எழறதுக்குள்ள பதினஞ்சு, வருஷம் பூரா." புல் பூக்கற மாசத்துல? "அப்ப இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி, கண்ணு அரிக்கும்." புல்லுக்கு 18.4 நிஜம்தான், ஆனா வருஷம் பூரா படுக்கையில தும்ம வெக்கிறதுக்குப் புல்லு எப்படிக் காரணமாகும், அவ எடுத்த பேனல்ல, மெத்தை தலைகாணில வாழற தூசிப் பூச்சி இல்லவே இல்ல. டாக்டர்கிட்ட ஒரு பக்கம் எழுதிட்டுப் போய் அதைக் கேளுன்னேன். பத்து நாள் கழிச்சு இன்னொரு போட்டோ வந்தது, தூசிப் பூச்சி 11.2. இந்தத் தடவை வட்டம் போடல, கூட அவ கைப்பட எழுதின மாசக் கணக்கையும் சேர்த்து அனுப்பியிருந்தா, ஜூன்ல மட்டும் சிவப்பு மை.